நின்றபடி தின்றவை

டாக்டர் கலியன் தன் உடம்பைப் பற்றித் தானே முந்திக்கொண்டு கிண்டல் செய்துவிடுவார். கருத்தரங்கில் பேச எழுந்ததும், வாத்தியார் பிள்ளை மக்கு என்பார்களே, அதுபோல உடல் பருமனை ஆராய்கிறவன் தொண்ணூற்றாறு கிலோ என்று ஆரம்பிப்பார். கூட்டம் சிரிக்கும். சிரித்து முடித்தவர்கள் அப்புறம் அந்தப் பேச்சை எடுக்க மாட்டார்கள். அவருக்கு வேண்டியதும் அதுதான்.

காட்டுமன்னார்கோயில் பக்கத்தில் நடவுக்கும் அறுப்புக்கும் போய்க்கொண்டிருந்த ஒரு அம்மாவுக்குப் பிறந்து, அரசு மாணவர் விடுதிகளில் தங்கிப் படித்து, மருத்துவம் முடித்து, மேற்படிப்புக்காக 1981இல் தில்லிக்கு வந்தவர். வந்தவர் திரும்பவில்லை. மந்திர் மார்க் பக்கம் ஓர் ஆய்வு நிலையத்தில் வேலை. மயூர் விஹாரில் கூட்டுறவுச் சங்கம் கட்டிய அடுக்ககத்தில் மூன்றாவது மாடியில் வீடு. தமிழ்ப் பள்ளியில் ஆசிரியையாக இருந்த மனைவி சாந்தகுமாரி. தமிழில் கேட்டால் இந்தியில் பதில் சொல்லும் மகள் கனிமொழி. நாடி பிடித்து மருந்தெழுதிப் பேர் வாங்குகிற டாக்டர் அல்ல அவர். தெருத் தெருவாக ஆளனுப்பி எடை பார்த்து, இடுப்பை நாடாவால் அளந்து, ரத்தம் எடுத்து, அந்த எண்களிலிருந்து ஒரு ஊரின் ஆரோக்கியத்தைப் படிக்கிறவர். அந்த வேலையில் அவர் கெட்டிக்காரர் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை.

1990இல் அவருக்கு ரத்தக் கொதிப்பு இருப்பது தெரிந்ததும் சாந்தகுமாரி சமையலை அடியோடு மாற்றினாள். இரவுக்கு இரண்டு புல்கா, சுரைக்காய்க் கூட்டு, வெள்ளரிக்காய். எண்ணெய்ச் சட்டி பரணுக்கு ஏறியது. தீபாவளிக்குக்கூட வீட்டில் இனிப்புச் செய்வது நின்றது. அவர் மட்டும் தனியாகப் பத்தியம் இருந்தால் மனம் நோகும் என்று அவளும் மகளும் அதையே சாப்பிட்டார்கள். எடை மட்டும் குறையவில்லை. உடம்பு வாகு அப்படி, நீங்கள் என்ன செய்வீர்கள் என்று அவளே அவருக்குச் சமாதானம் சொல்வாள்.

உடம்பு வாகு என்பது பொய். வாரத்தில் நான்கு நாள், ஆபீஸ் விட்டதும் அவர் கோல் மார்க்கெட்டில் ஒரு மிட்டாய்க் கடைக்குப் போவார். நம்மூர் பாதுஷா மாதிரியான பாலுஷாஹி ஒரு கிலோ, ஆறு சமோசா. வீட்டுக்கு விருந்தாளிகள் வந்திருக்கிறார்கள் என்று, கேட்காத கடைக்காரனிடம் தானாகவே சொல்வார். நிஜாமுதீன் பாலத்தைத் தாண்டியதும் யமுனைக் கரைச் சாலையில் மாருதியை ஓரங்கட்டுவார். உள்ளே உட்கார்ந்து தின்றால் இருக்கையில் துணுக்கு சிந்தும். அதனால் இறங்கி, திறந்த கார்க் கதவின் மறைவில் நின்றபடி தின்பார். அப்போது பசி இருக்காது. ருசியும் மூன்றாவது துண்டோடு போய்விடும். அப்புறம் கை பாட்டுக்குப் போய் வரும், வாய் பாட்டுக்கு மெல்லும். வயிறு வலி எடுத்த பிறகே நிற்கும். பெட்டியைப் புதரில் எறிந்து, பாட்டில் தண்ணீரில் வாய் கொப்புளித்து, சோம்பை மென்றுகொண்டே வீடு போய்ச் சேர்ந்து, இரண்டு புல்காவையும் சாப்பிட்டு எழுவார். நாளையிலிருந்து இல்லை என்று ஒவ்வொரு முறையும் தனக்குச் சத்தியம் செய்துகொள்வார். உடம்பின் சூட்சுமம் இத்தனை படித்தவனுக்குத் தன் கையைக் கட்டத் தெரியவில்லை என்கிற அவமானத்தை அவர் ஒன்பது வருஷம் யாரிடமும் சொல்லாமல் சுமந்தார்.

1999இல் அவருடைய பொறுப்பில் ஒரு பெரிய ஆய்வு தொடங்கியது. திரிலோக்புரியை ஒட்டிய குடிசைப் பகுதியில் வீட்டு வேலைக்குப் போகிற பெண்கள் பலருக்கு உடல் பருத்திருந்தது. சர்க்கரை இருந்தது. அதே சமயம் ரத்தசோகையும் இருந்தது. ஏழைகளுக்கு ஏன் பணக்காரர்களின் நோய் என்பதுதான் கேள்வி. இருநூறு பெண்களைச் சேர்த்துக்கொண்டார்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு மாதாமாதம் மாத்திரையை ஆய்வு நிலையமே கொடுத்தது. பதிலுக்கு அவர்கள் வந்து எடை பார்த்துக்கொண்டு, முந்தைய நாள் என்னென்ன சாப்பிட்டோம் என்று சொல்ல வேண்டும். நான்கு அளவில் எவர்சில்வர் கிண்ணங்களும் கரண்டிகளும் வைத்துக்கொண்டு, சோறு எந்தக் கிண்ணத்துக்கு இருந்தது, பருப்பு எத்தனை கரண்டி என்று கேட்டுக் குறித்துக்கொள்வார்கள்.

கேட்டுக் குறிக்கிற வேலைக்கு வந்தவள் வைஷ்ணவி. தில்லியில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண், மனையியல் படித்தவள், இருபத்து நான்கு வயது. பயிற்சிக்காக முதலில் ஆய்வுக்குழுவில் உள்ளவர்களே ஒருவரை ஒருவர் கேட்டு நிரப்ப வேண்டும் என்று விதி. கலியனை அவள்தான் கேட்டாள். முந்தின நாள் மாலை யமுனைக் கரையில் நடந்தது அவருக்குப் பளிச்சென்று நினைவிருந்தது. காலையில் மூன்று இட்லி, மதியம் தயிர்ச்சாதம், இரவு இரண்டு புல்கா, சுரைக்காய் என்று சொன்னார். நடுவில் ஏதாவது உண்டா என்று அவள் கேட்டாள். சர்க்கரையில்லாத டீ என்றார். அவள் எழுதிக்கொண்டாள்.

ஆய்வு தொடங்கி நான்கு மாதத்தில் கணக்கு உதைத்தது. பெண்கள் சொன்ன சாப்பாட்டைக் கூட்டினால் ஒரு நாளைக்கு ஆயிரம், ஆயிரத்து இருநூறு கலோரிக்கு மேல் போகவில்லை. அந்தச் சாப்பாட்டில் யாரும் எண்பது கிலோ வர முடியாது. மேலிடத்திலிருந்து கேள்வி வந்தது. கலியனுக்குக் கோபம் கோபமாக வந்தது. நானே நேரில் போய்க் கேட்கிறேன், தமிழில் கேட்டால் உண்மை வரும் என்று சொல்லி ஒரு சனிக்கிழமை காலையில் பால்வாடிக் கூடத்துக்குப் போனார்.

கூடத்தில் முப்பது பெண்கள் போலத் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். பாதிப் பேர் தமிழ்ப் பெண்கள். முதலில் எடை மேடையில் ஏறியவள் ஆராயி. கள்ளக்குறிச்சி பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்த குடும்பம். புருஷன் இறந்த பிறகு ஐந்து வீடுகளில் பாத்திரம் தேய்த்து இரண்டு பெண்களைக் கட்டிக் கொடுத்தவள். வயது நாற்பத்தாறு, எடை எண்பத்திரண்டு. நேற்று என்ன சாப்பிட்டாய் என்று கேட்டார். காலையில் ஒரு டீ, மத்தியானம் இரண்டு ரொட்டி, ராத்திரிக்கு ஒரு கிண்ணம் சோறு என்று சொல்லி, சின்னக் கிண்ணத்தைத் தொட்டுக் காட்டினாள்.

அன்று அவர் பேசியதை அவர் பிற்காலத்தில் ஒரு வார்த்தை பிசகாமல் சொல்வார்.

"நானும் அந்தப் பக்கத்துக்காரந்தான். இந்திக்கார டாக்டர ஏமாத்துற மாதிரி என்னை ஏமாத்த முடியாது. காத்தக் குடிச்சா ஒடம்பு எம்பத்திரண்டு கிலோ வருமா? தொட்டி நெறையத் தின்னுட்டு வந்து கிண்ணக் கணக்குச் சொல்றியே, வெக்கமா இல்ல? உண்மையச் சொல்றவங்களுக்குத்தான் இனிமே மாத்திரை. பொய் சொல்றவங்களுக்குக் கெடையாது."

பெண்கள் சிரித்தார்கள். தமிழ் தெரியாதவர்கள் என்னவென்று பக்கத்தில் கேட்டு, கேட்டுக்கொண்டு, அவர்களும் சிரித்தார்கள். மேடையில் நின்றிருந்த ஆராயியும் சிரித்தாள். அப்புறம் மேடையை விட்டு இறங்கி, சேலையைச் சரிசெய்துகொண்டு, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போனாள். மாத்திரை வாங்காமல் போகிறாளே என்று வைஷ்ணவி எழுந்தாள். கலியன் அவளைக் கையமர்த்தினார். எங்கே போவாள், தானாக வருவாள் என்றார்.

ஆராயி வரவில்லை. அடுத்த மாதம் அவள் சந்தில் இருந்த இன்னும் பத்துப் பேர் வரவில்லை. வைஷ்ணவி ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டுப் பார்த்தாள். ஒருநாள் ஆபீசில் கலியனின் அறைக்கு வந்து, ஆராயி என்ன சொன்னாள் என்பதைச் சொன்னாள்.

ஐந்து வீட்டிலும் ஏதாவது கொடுப்பார்களாம். முந்தின நாள் பூரி, பிள்ளைகள் கடித்து வைத்த பராத்தா, பிறந்த நாள் முடிந்து மிஞ்சிய கேக், விரதம் முடித்த வீட்டில் நெய் மிதக்கும் அல்வா. வேண்டாம் என்றால் மேம்சாப் முகம் கோணும். வீட்டுக்கு எடுத்துப் போகிறேன் என்றால், மாலைக்குள் கெட்டுவிடும், இங்கேயே முடித்துவிடு என்பார்கள். குப்பையில் போடவும் மனசு வராது. பாத்திரம் தேய்க்கிற தொட்டிக்குப் பக்கத்திலேயே நின்றபடி வாயில் போட்டுக்கொண்டு வேலையைப் பார்ப்பாள். ஐந்து வீட்டில் ஐந்து தடவை. இதை ஏன் சொல்லவில்லை என்று வைஷ்ணவி கேட்டதற்கு, அது சாப்பாடா என்று ஆராயி திருப்பிக் கேட்டாளாம். தட்டுப் போட்டு உட்கார்ந்து தின்றால்தானே சோறு. எச்சிலை நின்றுகொண்டு முழுங்குவதைப் போய் நாலு பேர் முன்னால் சாப்பிட்டேன் என்று எந்த வாயால் சொல்வது என்றாளாம்.

 கலியன், காரணம் எதுவானாலும் பொய் பொய்தானே, பொய் சொல்கிற ஜனங்களை வைத்துக்கொண்டு என்ன ஆராய்ச்சி செய்ய முடியும் என்றார்.

வைஷ்ணவி கதவுப் பக்கம் திரும்பினாள். போய்விடுவாள் என்று அவர் நினைத்தார்.

"சார், ட்ரெய்னிங்ல போட்ட ஃபார்ம் எல்லாம் ஃபைல்ல இருக்கு. உங்களோடதும் இருக்கு. ஆயிரத்து முந்நூறு கலோரி. நான் தப்பாக் கூட்டிட்டேனோன்னு மூணு தடவ பாத்தேன்." அவள் மேஜையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நான் உங்கள எதுவும் கேக்கல சார். அவங்களையும் நாம கேக்காம விட்டிருக்கலாம்."

அவள் கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போனாள். கலியன் அன்று மாலை ஏழு மணி வரை நாற்காலியை விட்டு எழவில்லை. ஆறு மாதமாக ஒரு சின்னப் பெண்ணுக்குத் தன் விஷயம் தெரிந்திருக்கிறது. தினமும் குட் மார்னிங் சொல்லியிருக்கிறாள், டீ கொண்டுவந்து வைத்திருக்கிறாள், யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தனக்குக் கிடைத்த அந்த மரியாதையில் கால்வாசியைக்கூடத் தான் ஆராயிக்குக் கொடுக்கவில்லை.

மறுநாள் நிலையத்தின் நூலகத்தில், மனநோய்களின் இலக்கணம் சொல்லும் ஒரு தடித்த புத்தகத்தை எடுத்துப் பார்த்தார். உடல் மெலிவதற்காகப் பட்டினி கிடக்கிற நோய், தின்றதை வாந்தி எடுக்கிற நோய் எல்லாம் அவர் மாணவர்களுக்கு ஒரு மணி நேரத்தில் சொல்லிக் கடந்துபோகிற விஷயங்கள். கடைசிப் பக்கங்களில், இன்னும் ஆராயப்பட வேண்டியவை என்ற தலைப்பில், அவர் கவனிக்காமல் விட்ட ஒன்று இருந்தது. பசியில்லாமல் தின்பது. வேகவேகமாகத் தின்பது. வயிறு வலிக்கும் வரை தின்பது. பிறர் பார்த்தால் வெட்கம் என்று தனியே தின்பது. தின்று முடித்துத் தன்னையே வெறுப்பது. பென்சிலால் ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு டிக் போட்டுக்கொண்டே வந்தார். கடைசி டிக்கைப் போட்டதும் பயந்து எல்லாவற்றையும் ரப்பரால் அழித்தார். தன் துறையிலேயே தன் நோய் இத்தனை நாள் உட்கார்ந்திருக்கிறது. அன்று மாலையும் அவர் கோல் மார்க்கெட்டுக்குப் போனார்.

இதற்கப்புறமாவது அவர் ஆராயியைத் தேடிப் போயிருக்க வேண்டும். போகவில்லை. அடுத்த வாரம் அடுத்த வாரம் என்று தள்ளினார். ஒரு ஆளை அனுப்பி மாத்திரையையாவது கொடுத்திருக்கலாம். கொடுத்து அனுப்பினால் அவள் வாங்காமல் திருப்பி அனுப்புவாளோ, அது ஆபீசில் தெரிந்துவிடுமோ என்ற யோசனை குறுக்கே வந்தது. தன் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டே இன்னும் ஆறு மாதத்தை ஓட்டினார்.

2000 ஆகஸ்டில் வைஷ்ணவி வந்து சொன்னாள். ஷாதரா பக்கத்து அரசு மருத்துவமனையில் ஆராயி சேர்ந்திருக்கிறாள். செருப்பு கடித்த புண். தெரியாமலே சீழ் வைத்துவிட்டது. இடது காலில் இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள். கலியன் சர்க்கரை எவ்வளவு என்று கேட்டார். அவள் சொன்ன எண்ணைக் கேட்டதும் கணக்குத் தானாக ஓடியது. எட்டு மாதம் மாத்திரையில்லை. யார் சொல்லி இல்லை என்பதும் அந்தக் கணக்கிலேயே இருந்தது.

அன்று மத்தியானமே போனார். பெண்கள் வார்டில் ஒரு கட்டிலுக்கு இரண்டு பேராகப் படுத்திருந்தார்கள். ஆராயி ஜன்னல் பக்கம் கட்டுப்போட்ட காலைத் தலையணையில் தூக்கி வைத்து உட்கார்ந்திருந்தாள். அவரைப் பார்த்ததும் சேலைத் தலைப்பை இழுத்துக் காலை மூடினாள். குற்றம் செய்தவள் போல அவள் மூடியது அவரை என்னவோ செய்தது. நின்றுகொண்டே, தான் அன்று பேசியது தப்பு, மாத்திரையை நிறுத்தியது அதைவிடப் பெரிய தப்பு என்றார். மன்னிக்க வேண்டும் என்றார். அவளை நீங்கள் என்று அழைத்ததும் அன்றுதான்.

அவள் தலைப்பை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டுக்கொண்டாள். பக்கத்துக் கட்டிலில் யாரோ தண்ணீர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் ஒன்பது, பத்து வருஷமாக யாரிடமும் சொல்லாததை அவளிடம் சொல்லத் தொடங்கினார். கோல் மார்க்கெட், பெட்டி, பாலம், கார்க் கதவு, சோம்பு எல்லாவற்றையும் சொன்னார். விடுதியில் படிக்கும்போது இரண்டாம் தடவை சோற்றுக்குத் தட்டை நீட்டியதற்கு, இது சோத்துக்குன்னே படிக்க வந்த கூட்டம் என்று வார்டன் எல்லோர் முன்னாலும் சொன்னதையும் சொன்னார். அதையும் சாக்காகச் சொல்வது போலிருக்கவே நிறுத்திக்கொண்டார்.

ஆராயி கடைசிவரை கேட்டாள். "திருடித் தின்னீங்களா சாரு?" என்றாள்.

இல்லை, தன் காசில்தான் என்றார்.

"நான் எச்சி தின்னேன். அதச் சொல்ல எனக்கு வெக்கம். ஒங்க காசுல வாங்கித் தின்னதுக்கு நீங்க ஏஞ் சாரு ஒளிஞ்சீங்க?"

 கிளம்பும்போது, என்ன உதவி வேண்டுமானாலும் கேளுங்கள், உட்கார்ந்து செய்கிற வேலையாக ஒன்று பார்த்துத் தருகிறேன் என்றார். வேலை வேண்டாம் என்றாள் அவள்.

"அன்னிக்கி அங்க எத்தினி பேரு சிரிச்சாங்களோ அத்தினி பேரு முன்னால, ஆராயி பொய் சொல்லலன்னு சொல்லுங்க. நான் என்னாத்தத் துன்னேன்னு சொல்லிடாதீங்க. ஒங்களப் பத்திச் சொல்லிக்கிங்க."

பால்வாடிக் கூடத்துக்கு வருகிற பெண்களில் நான்கைந்து பேர் அவருடைய அடுக்ககத்திலேயே வேலை செய்கிறவர்கள். காலையில் அங்கே பேசினால் மாலைக்குள் பேச்சு மாடிப்படி ஏறி வந்துவிடும். அதனால் அதற்கு முந்தின நாளே சாந்தகுமாரியிடம் சொன்னார். அவள் சாயங்காலம் பள்ளி விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தாள். அவள் அழுவாள், அல்லது பரவாயில்லை என்பாள் என்று எதிர்பார்த்திருந்தார். அவள் சிவப்புப் பேனாவை மூடி வைத்தாள்.

"நான் உங்களுக்காகவா கோவப்படுறேன்? கனிக்கு இப்ப பதினாலு வயசு. இந்த வீட்டுல ஒரு தீவாளிக்கு அது வாயில ஒரு துண்டு மைசூர்பாகு வெச்சதில்ல நான். அப்பாவுக்கு ஆகாதும்மா, அப்பா பாத்தா கஷ்டப்படுவார்மான்னு சொல்லி சொல்லி வளத்தேன். அது ஃப்ரெண்டு வீட்டுல எதாவது தின்னுட்டு வந்தா, திருடின மாதிரி எங்கிட்ட மறைக்குதுங்க."

அந்தக் கடைசி வாக்கியம் அவரை அடித்துப்போட்டது. மறைக்கிற பழக்கத்தை அந்தக் குழந்தைக்கு யார் கொடுத்தது என்று அவள் கேட்கவில்லை. அன்றிரவு அவரவர் தட்டை அவரவரே எடுத்துப் போட்டுச் சாப்பிட்டார்கள். இரண்டு வாரம் வரை அவள் அவரிடம் தேவைக்கு மேல் பேசவில்லை.

ஆராயி வீடு திரும்பிய பிறகு வந்த சனிக்கிழமை பால்வாடிக் கூடத்தில் இருபது பேருக்கு மேல் இருந்தார்கள். ஆராயி மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்து வாசற்படியருகே நாற்காலியில் உட்கார்ந்தாள். கலியன் முதலில் தமிழிலும் பிறகு இந்தியிலும் பேசினார். ஆராயி அன்று பொய் சொல்லவில்லை, பொய் சொன்னவன் நான் என்றார். தன்னிடமும் இதே கிண்ணங்களை வைத்து இதே கேள்வியைக் கேட்டார்கள், அதற்குத் தான் சொன்ன பதில் இது, உண்மையில் தின்றது இது என்றார். எடை மேடையில் ஏறி நின்று எண்ணைப் படிக்கச் சொன்னார். வைஷ்ணவி தயங்கித் தயங்கி, தொண்ணூற்றெட்டு என்றாள்.

ஒரு கிழவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மற்றவர்கள் சிரிக்கவில்லை. இவ்வளவு பெரிய ஆள் ஏன் இதையெல்லாம் நம்மிடம் சொல்கிறார் என்று புரியாமல் சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஒருத்தி, மாத்திரை இன்றைக்கு உண்டா என்று இந்தியில் கேட்டாள். உண்டு, எல்லோருக்கும் உண்டு, இனி எப்போதும் உண்டு என்றார். அவருக்கு வேர்த்துக் கொட்டி சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. ஆராயி எழுந்து, மகள் தோளைப் பிடித்துக்கொண்டு, அவரைப் பார்த்து ஒருமுறை தலையசைத்துவிட்டுப் போனாள். ஆய்வில் அவள் மறுபடி சேரவில்லை. மாத்திரையை வேறு மருந்தகத்தில் வாங்கிக்கொண்டாள்.

அதற்கப்புறம் வைஷ்ணவி கேள்வித்தாளை மாற்றி எழுதினாள். நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்ற கேள்வியே அதில் இல்லை. காலையில் எழுந்ததிலிருந்து எந்தெந்த வீட்டுக்குப் போனீர்கள், அங்கே கையில் என்ன கொடுத்தார்கள், அதை என்ன செய்தீர்கள் என்று நடையோடு கேட்டுக்கொண்டே போகிற மாதிரி அமைத்தாள். கூடத்தில் வைத்துக் கேட்பதை நிறுத்தி, ஒவ்வொருவரையும் தனியாக, அவரவர் வாசலில் வைத்துக் கேட்டாள். எடையைச் சத்தமாகப் படிப்பதும் நின்றது. இரண்டு மாதத்தில் எண்கள் நேராயின. ஒரு நாளில் பாதிக்கு மேல் கலோரி நின்றபடி தின்றதில் வந்திருந்தது. பெண்கள் தங்கள் வீட்டில் தட்டுப் போட்டுத் தின்றது அவர்கள் சொன்ன அதே இரண்டு ரொட்டி, ஒரு கிண்ணம் சோறுதான். அவர்களில் ஒருத்திகூடப் பொய் சொல்லியிருக்கவில்லை.

2002இல் அந்தக் கட்டுரை வெளிவந்தது. நல்ல பெயர் கிடைத்தது. முதல் வரைவில் கலியன் ஒரு பத்தி எழுதியிருந்தார். முதன்மை ஆய்வாளர் பலர் முன்னிலையில் கடிந்துகொண்டதாலும் மருந்தை நிறுத்துவதாக மிரட்டியதாலும் பதினொரு பேர் ஆய்விலிருந்து விலகினார்கள், அவர்களில் ஒருவர் கால் விரல்களை இழந்தார் என்று. இதையெல்லாம் அச்சில் போட்டால் அடுத்த ஆய்வுக்கு அனுமதியே வராது, நிலையத்தின் பெயர் கெடும் என்று மேலதிகாரி சொன்னார். 'பதினொரு பேர் தொடர்பில் இல்லை' என்று ஒரு வரியாக மாற்றித் தந்தார். கலியன் இரண்டு நாள் வைத்திருந்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். பாராட்டுக் கடிதங்கள் வந்தபோது அவற்றைப் பிரித்துப் படித்து வைஷ்ணவியிடம் கொடுத்துவிடுவார். அந்த ஒரு வரியைப் பற்றி அவளும் கேட்கவில்லை. அவள் கேட்காமல் விட்டதன் அர்த்தம் அவருக்கு இந்த முறை நன்றாகத் தெரிந்தது.

செவ்வாய்க்கிழமைகளில் ஒரு மனநல மருத்துவரைப் போய்ப் பார்க்க ஆரம்பித்தார். அங்கே வெளிவராந்தாவில் மற்ற நோயாளிகளோடு பெஞ்சில் உட்கார்ந்திருக்க முதல் ஆறு மாதம் கூசியது. தெரிந்த டாக்டர் யாராவது கடந்து போனால் செய்தித்தாளை உயர்த்திக்கொள்வார். எடை ஒன்றும் பெரிதாகக் குறையவில்லை. வாரத்தில் நான்கு நாள் என்பது மாதத்தில் இரண்டு நாளானது. சில மாதம் ஐந்தாகும். அதைச் சாந்தகுமாரியிடம் வாய் திறந்து சொல்வது என்று ஓர் ஏற்பாடு. சொல்லும்போது அவர் ஒவ்வொரு தடவையும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டுதான் சொல்வார். அவள் சரி என்பாள், அதற்கு மேல் ஒன்றும் சொல்ல மாட்டாள். பரணிலிருந்து எண்ணெய்ச் சட்டி இறங்கியது. முதல் தீபாவளிக்கு கனிமொழி அதிரசத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்பாவை ஒரு பார்வை பார்த்தாள். தின்னு என்று சொல்ல வேண்டியிருந்தது. அவர் சொன்னார். அவள் தட்டை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போய்த்தான் தின்றாள்.

ஆராயியை அவர் அதற்குப் பிறகு இரண்டு முறை பார்த்தார். 2003இல் ஒருமுறை மயூர் விஹார் சந்தையில், கட்டைவிரலுக்கு மட்டும் வார் வைத்துத் தைத்த செருப்போடு, கீரை பேரம் பேசிக்கொண்டிருந்தாள். நலமா என்று கேட்டார். இருக்கேன் சாரு, இப்ப ரெண்டு வூடுதான் என்றாள். இன்னொரு முறை பஸ்ஸில் ஏறிக்கொண்டிருந்தவளைக் காரிலிருந்து பார்த்தார். காரை நிறுத்தவில்லை.

2006இல் துவாரகாவில் ஒரு குடியிருப்பின் சமுதாயக் கூடத்தில் வைஷ்ணவிக்குக் கல்யாணம். கலியனும் சாந்தகுமாரியும் போயிருந்தார்கள். பந்தியில் ஆய்வு நிலையத்துக்காரர்கள் எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். இலையில் ஒரு ஜாங்கிரி வைத்தார்கள். சாப்பிட்டார். பரிமாறுகிறவன் திரும்பி வந்தபோது, இன்னொன்று வை என்றார். கூட்டத்தின் இரைச்சலில் அவனுக்குக் கேட்கவில்லை. கேட்காததைச் சாக்காக வைத்து விட்டுவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. மறுபடியும், இந்தத் தடவை கொஞ்சம் சத்தமாக, கேட்டார். எதிர் வரிசையில் இரண்டு தலை நிமிர்ந்தது. காது மடல் சுட்டது. சாந்தகுமாரி தன் இலையில் ரசத்தைப் பிசைந்துகொண்டிருந்தாள், நிமிரவில்லை. அவன் ஜாங்கிரியை வைத்துவிட்டு நகர்ந்தான். கலியன் அதை நான்காகப் பிட்டு, அவசரப்படாமல், எல்லோரும் பார்க்க உட்கார்ந்து தின்றார்.